காப்பு அறுத்து ஆடிய கடைசி ஆட்டம்

மஞ்சள் கயிறு லேசில் அறுபடாது. நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கி, மஞ்சளில் ஊறவைத்து, நடுவில் ஒரு கிழங்குத் துண்டை முடிந்து கட்டியது. தண்ணீரிலும் வியர்வையிலும் கிடந்து இறுகிப்போயிருந்தது. எங்கள் முதலுதவிப் பெட்டியில் இருந்ததோ பிளாஸ்திரி வெட்டுகிற மொக்கைக் கத்தரிக்கோல்.

“சீக்கிரம்ணே, டைம் ஆகுது” என்றார் எங்கள் கோச். அவர் மண்டையில் நச்சென்று ஒன்று போடலாம் போல இருந்தது எனக்கு.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தவர் முத்தையா அண்ணன். அவர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவள் அவர் மகள் பாண்டிச்செல்வி, எங்கள் அணியின் கோல்கீப்பர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன அப்பா பிழைத்து எழ வேண்டும் என்று அவள் மாரியம்மனுக்கு நேர்ந்து கட்டிக்கொண்ட காப்பு அது. அதைத்தான் அவரே அறுத்துக்கொண்டிருந்தார்.

“என் உசுருக்குக் கட்டுனதுதானத்தா? நானே அறுத்தா குத்தமில்ல. கையை ஆட்டாம வையி.”

பாண்டி கண்ணை இறுக மூடியிருந்தாள். கோச் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி இழை அறுந்ததும் அண்ணன் கயிற்றைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீங்கின காலை மெல்ல நீட்டி, “போ. நின்னு ஆடு” என்றார்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை வந்ததெல்லாம் சிரிக்கிற சமாசாரம். பஸ்ஸில் பூட்ஸ் மூட்டையைத் தொலைத்தது, மாடு கோல் போட்டது என்று எழுதிவந்தேன். ஆசிரியர் போன வாரம் கூப்பிட்டு, “அந்த லீக் சீசனைப் பத்தி எழுதுங்களேன், கடைசி வரைக்கும் இழுபறியாமே” என்றார். இழுபறிதான். எழுதுகிறேன். சிரிப்பை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

சரளைக்கல் சீசன்

எங்கள் வட்டாரத்தில் பெண்களுக்கென்று ஒரு கால்பந்து லீக் நடக்கிறது என்றால் காரைக்குடியிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். தை மாதம் மஞ்சுவிரட்டுக் கூட்டமெல்லாம் கலைந்த கையோடு தொடங்கும். பங்குனி வெயிலில் முடியும். ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு இரண்டு தடவை மோத வேண்டும். முதலிடம் வருகிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும்.

நான் அப்போது செக்காலை ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான். அணியில் வயதில் மூத்தவள் நான்தான். நடுப்பின்னால் நிற்கிற ஆட்டக்காரி. என்னைத் தாண்டிப் போகிற பந்து பாண்டிக்கு. பெரும்பாலும் தாண்டித்தான் போகும்.

மைதானம் என்று சொன்னால் புல்வெளியை நினைத்துக்கொள்ளாதீர்கள். செம்மண்ணும் சரளையும். பாண்டி ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முழங்கையிலும் இடுப்பிலும் தோலைக் கொடுத்தாள். ஆட்டம் முடிந்து ஜெர்சியைக் கழற்றும்போது துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து உரிப்போம். அப்போதும், “அக்கா, அந்த ரெண்டாவது பந்து பிடிச்சேன்ல, பாத்தீகளா?” என்றுதான் கேட்பாள்.

சீசன் முழுக்க ஒரு அணியும் இன்னொரு அணியை வாரிச் சுருட்டவில்லை. கானாடுகாத்தான் அணியில் பாதிப் பேர் பழைய வீடுகளில் நடக்கிற ஓட்டல்களில் வேலை செய்கிற பெண்கள். ஷிப்ட் முடிந்து அடித்துப் பிடித்து வருவார்கள். விசில் ஊதும்போது ஒரு தடவைகூட முழு அணியாக நின்றதில்லை. ஆனால் எங்களிடமே வந்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டுப் போனார்கள். பிள்ளையார்பட்டிப் பெண்கள் கோயில் கடைகளில் கூட்டம் குறைந்த நாளில்தான் ஆட வருவார்கள். வந்தால் எமகாதகிகள்.

மாசி முடிகிற நேரத்தில் இரண்டே அணிகள் மிச்சம் நின்றன. நாங்களும் தேவகோட்டையும். புள்ளிகள் சமம். கோல் கணக்கில் நாங்கள் ஒன்று கூட. கடைசி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும். சமன் செய்தால்கூட எங்களுக்குக் கோப்பை.

ரூல் புத்தகம்

எங்களை முன்னால் நிறுத்தியதில் பாதி பாண்டியின் கை. மீதிப் பாதி எங்கள் கோச்சின் வாய்.

அவர் பெயர் வேண்டாம். சம்பளம் இல்லாமல் எங்களுக்காக ஓடிய மனிதர். பெண்பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விதிப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற வியாதி ஒன்று அவருக்கு இருந்தது. எதிரணிப் பெண்ணின் காலுறை இறங்கியிருந்தால் கத்துவார். பந்தில் காற்றுக் குறைவு என்பார். அழுத்தி அழுத்தி நடுவரை அசைத்துவிடுவார்.

தேவகோட்டையோடு நடந்த முதல் ஆட்டத்தில் அவர்களுடைய முன்கள ஆட்டக்காரி ஜெசிந்தா, கழுத்தில் உத்தரியம் போட்டிருந்தாள். புதுநன்மை வாங்கின நாளிலிருந்து கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் கழற்றாத பழுப்புக் கயிறு. பனியனுக்குள் கிடந்தது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நடுவர் ரீட்டா டீச்சர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லித்தருபவர், பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தார்.

எங்கள் கோச் விடவில்லை. “உடம்புல ஒரு பொருளும் இருக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு மேடம். உங்க ஆளுன்னா விட்டுருவீகளா?”

அந்தக் கடைசி வார்த்தைதான் விஷம். ரீட்டா டீச்சர் முகம் செத்துப்போயிற்று. அவரும் அதே வேதக்காரர்தான். போய் ஜெசிந்தாவிடம் கழற்றச் சொன்னார். அவள் அதை முத்தமிட்டுக் கழற்றி அவர்கள் கோச் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் காலில் பந்து நிற்கவில்லை. ஆளில்லாத கோலில்கூட வெளியே அடித்தாள். நாங்கள் ஒரு கோலில் ஜெயித்தோம்.

கோச் அதோடு விட்டாரா? லீக்கிற்குப் புகாரும் எழுதிப் போட்டார். இனி எந்த ஆட்டத்திலும் ஆட்டக்காரிகள் உடம்பில் கயிறு, வளையல், தாயத்து எதுவும் இருக்கக் கூடாது, நடுவரே பார்த்துக் கழற்றச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள்.

மொபெட்டில் வந்தவர்

பாண்டிக்குக் கீழச்சிவல்பட்டி தாண்டி உள்ளே ஒரு ஊர். நிலம் கொஞ்சம், கடலை போடுவார்கள். பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் முத்தையா அண்ணன்தான் மொபெட்டில் கூட்டிவருவார். அவருக்குக் கால்பந்தில் ஒரு மண்ணும் தெரியாது. “அந்தக் கறுப்புச் சட்டை அம்மா எதுக்கு நடுவுல ஓடியாறாக? அவுக எந்தக் கட்சி?” என்று நடுவரைக் காட்டி என்னிடம் கேட்டவர். மகள் பந்தைப் பிடித்தால் மட்டும் எழுந்து நிற்பார். கைதட்ட வெட்கப்பட்டுக்கொண்டு துண்டை உதறிப் போடுவார்.

அவருடைய அண்ணன், அதாவது பாண்டியின் பெரியப்பா, ஊரில் கோயில் காரியங்களை முன்னின்று நடத்துகிறவர். அவருக்கு இந்த ஆட்டம் கண்ணில் விழுந்த தூசி. ஒரு தடவை பாண்டியின் வீட்டுக்கு நான் போயிருந்தபோது என் காதுபடவே சொன்னார்.

“என் தம்பி இருக்குற வரைக்கும்தான் இந்த டவுசர் ஆட்டம். அவன் மொகத்துக்காகப் பாக்குறேன்.”

மிரட்டல் இல்லை, தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். அண்ணனுக்கு அப்போதே வாரம் இரண்டு முறை, திங்களும் வியாழனும், ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கியாயிற்று. ஒரு முறைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசியில் மொபெட் ஓட்டுவதும் முடியாமல் போய், மகள் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

பாண்டி ஒரு நாள் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள். “அப்பா இருந்தாத்தான்கா எனக்குப் பந்து. அதுக்காகத்தான் அப்பா இருக்கணும்னு நெனைக்கிறேனோன்னு சில சமயம் பயமா இருக்கு.” சின்னப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு முந்தின வருஷம்தான் முடித்திருந்தாள்.

காப்புக் கட்டு

பங்குனியில் அவர்கள் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பால்குடம். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய ஊருக்குள் வந்துவிட வேண்டும். நேர்ந்துகொண்டு கையில் காப்புக் கட்டியவர்களுக்கு இன்னும் கட்டுப்பாடு. செருப்பு இல்லை, கவுச்சி இல்லை. பால்குடம் எடுத்து இறக்கினபின் பூசாரிதான் அவிழ்க்க வேண்டும்.

பாண்டி அப்பாவுக்காகக் கட்டிக்கொண்டாள். கடைசி ஆட்டம் நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை. பகல் ஆட்டம்தானே, வந்துவிட்டுப் பொழுதுக்குள் திரும்பிவிடலாம் என்று எல்லோரும் இருந்தோம். கையில் கிடந்த கயிற்றை ஒருத்தரும் யோசிக்கவில்லை. உத்தரவு வாங்கிவந்த கோச்சே யோசிக்கவில்லை! எங்கள் கண்ணுக்கு உத்தரியம் கழுத்தில் கிடக்கிற ஒரு பொருள். காப்பு அப்படி இல்லை, அது கையோடு சேர்ந்தது. இதுதான் எங்கள் லட்சணம்.

ரீட்டா டீச்சர் வரிசையில் நிற்கவைத்துக் கை கால் பார்த்துக்கொண்டே வந்தார். பாண்டியிடம் நின்றார்.

“இது காப்பு மேடம்” என்றாள் பாண்டி.

“தெரியும்மா. நானும் இந்தப் பக்கத்துக்காரிதான்.”

“கிளவுசுக்குள்ளதானே மேடம் இருக்கு” என்று கோச் ஓடிவந்தார். “மேல டேப் ஒட்டிருவோம்.”

“அந்தப் பிள்ளைக்கும் பனியனுக்குள்ளதான் சார் கெடந்துச்சு. டேப் ஒட்டுனாலும் கூடாதுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு ஒண்ணுன்னு என்னால முடியாது.”

ஜெசிந்தா எங்கள் பக்கம் வந்தாள். “மேடம், எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவ கட்டிக்கிட்டே ஆடட்டும்” என்றாள். கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டீச்சர் மாட்டேன் என்று தலையசைத்தார். அவர்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அன்றும் சொல்லவில்லை.

எங்களிடம் வேறு கோல்கீப்பர் கிடையாது. “நான் நிக்கிறேன், நீ வெளியில உக்காரு” என்று பாண்டியிடம் சொன்னேன். நான் குள்ளம். நான் நின்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் முத்தையா அண்ணன் நாற்காலியிலிருந்தபடியே துண்டை ஆட்டி அவளைக் கூப்பிட்டார்.

“வேணாண்ணே, மதினிக்குத் தெரிஞ்சா” என்றேன், பாண்டியின் அம்மாவை நினைத்து.

“அவளுக்கு நான் சொல்லிக்கிறேன் தாயி. அந்தக் கத்திரியை இங்குட்டுக் குடு.”

தொண்ணூறு நிமிடம்

ஆட்டத்தை எழுத வேண்டும் அல்லவா? எழுதிவிடுகிறேன். முதல் பாதியில் நாங்கள் ஒன்று போட்டோம். இடைவேளைக்குப் பிறகு ஜெசிந்தா திருப்பிப் போட்டாள், என் காலுக்கு நடுவிலேயே தட்டிவிட்டு. அதற்கப்புறம் எங்களுக்கு மூச்சு இல்லை. அவர்கள் அலை அலையாக வந்தார்கள். பாண்டி சரளையில் விழுந்து விழுந்து எழுந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. அறுத்தது வீண்போகக் கூடாது என்று ஆடினாள்.

முடிகிற நேரம். மூலையிலிருந்து வந்த பந்தை ஜெசிந்தா தலையால் முட்டினாள். நான் கோல் என்றே முடிவு செய்து கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால், பாண்டி கம்பத்தடியில் கவிழ்ந்து கிடக்கிறாள், பந்து அவள் வயிற்றுக்கு அடியில். எல்லைக்கோட்டில் அண்ணன் எழுந்து நின்று, வெட்கமெல்லாம் போய், இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றுக்கு ஒன்று. கோப்பை எங்களுக்கு. ஜெசிந்தா பாண்டியைக் கட்டிப்பிடித்து அழுதாள், பாண்டியும் அழுதாள். பிறகு லீக்காரர்கள் போட்ட மலரில், ‘கடைசி நொடி வரை பரபரப்பு’ என்று அரைப் பக்கம் வந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சீசன் அதோடு முடிந்த மாதிரி எழுதியிருந்தார்கள்.

அப்பாவும் மகளும் பொழுது சாயும் முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னாலேயே, அண்ணன் காப்பை அறுக்கிற அந்தப் படம் போய்ச் சேர்ந்திருந்தது. கோச் சினிமாப் பாட்டு போட்டு, ‘ஒரு தந்தையின் தியாகம்’ என்று எழுதி, எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் தட்டிவிட்டிருந்தார். பெருமையில் செய்ததுதான். அவர் அந்த ஊர்க்காரராக இருந்து செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும், விளைவு தெரிந்தே செய்தார் என்று திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஊர்க்கூட்டம்

இனி நான் எழுதுவது பாண்டி பிறகு என்னிடம் சொன்னது.

திங்கட்கிழமை காலையில் கோயில் முன்னால் கூட்டம். காப்பை அறுத்தது ஊருக்கே ஆகாது, அம்மன் கோபம் தீர அப்பாவும் மகளும் தினமும் ஈரத்துணியோடு கோயிலைச் சுற்ற வேண்டும், திருவிழா முடிகிறவரை எல்லையைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். மீறினால் ஊர்வலம் வருகிற சாமி அந்த வீட்டு வாசலில் நிற்காது. படம் வந்த சனியன் என்று பெரியப்பா அவள் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள்.

“ஒரு தடவ தள்ளிப் போனா ஒண்ணும் ஆயிராது. முன்ன ஒருக்க மழையில போகாம இருந்தான்ல, என்ன ஆச்சு?” என்றாராம் பெரியப்பா.

வியாழக்கிழமை அண்ணனுக்கு முகமெல்லாம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். பாண்டி மொபெட்டை வெளியே எடுத்தாள். அவள் அம்மா நிலைப்படியில் இரண்டு கையையும் குறுக்கே கொடுத்து நின்றுகொண்டார்.

“இன்னும் ஒரே நாளுத்தா. நாளைக்குப் பால்குடம் எறங்கிரும். எறங்குன ஒடனே நானே கூட்டிட்டுப் போறேன். ஆத்தாவை இன்னொருக்கப் பகைச்சுக்கிட்டு இந்த மனுசனை நான் எப்படிக் காப்பாத்துவேன்?”

மதினி கெட்டவர் இல்லை. புருஷன் பிழைக்க வேண்டும் என்றுதான் வழியை மறித்தார். அண்ணனும், “விடுத்தா, அம்மா சொல்றபடி கேளு. நாளைக்குத்தானே” என்று சொல்லிவிட்டார். பாண்டி மொபெட்டை உள்ளே தள்ளினாள்.

அழக் கூடாத காலை

வெள்ளிக்கிழமை காலை, பால்குடம் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் போய்விட்டார்.

காப்புக் கட்டின ஊரில் ஒரு சாவு விழுந்தால் கோயில் காரியம் அப்படியே நின்றுவிடும். எடுத்த குடத்தை இறக்க முடியாது. அதனால் பெரியப்பா வீட்டுக்குள் வந்து தம்பியின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “உசுரு இருக்கு” என்றார். எல்லோருக்கும் தெரியும். கதவைச் சாத்தினார்கள். குடம் இறங்குகிறவரை ஒருத்தரும் வாய்விட்டு அழக் கூடாது. மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கொட்டுச் சத்தம் வாசலைத் தாண்டிப் போயிற்று. பாண்டி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்திருக்கும்போதே கால் குளிர்ந்துகொண்டு வந்தது.

“அவ்வளவு நேரம் நான் அழவே இல்லக்கா. அழுகச் சொன்னப்ப எனக்கு வரல” என்றாள்.

இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு விடவில்லை என்பதையும் சேர்த்து எனக்குத் தகவல் வந்தது மத்தியானம். நானும் கோச்சும் ஆட்டோ பிடித்துப் போனோம். கோச் ஊர் எல்லையிலேயே இறங்கிக்கொண்டார். தெருவில் வேப்பிலையும் பால் சிந்தின ஈரமும் கிடந்தன. ஈக்கள் மொய்த்தன.

எனக்கு வாய் நீளம். யாரோ, “சாமி குத்தம், வேறென்ன? டவுசர் மாட்டிக்கிட்டு ஆடப் போனதுக்கு அப்பனைக் குடுத்துட்டா” என்றது காதில் விழுந்ததும் அடக்க முடியவில்லை.

“சாமியா கொன்னுச்சு? ரெண்டு தடவ ஆசுபத்திரிக்கு விடாம வீட்டுல வச்சுக் கொன்னது யாரு?” என்று பெரியப்பாவைப் பார்த்துத்தான் கத்தினேன். 

தலைமாட்டில் கிடந்த மதினி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாய் என்று கேட்பது போலப் பார்த்தார். அடுத்த வார்த்தை எனக்கு வருவதற்குள் பாண்டி பாய்ந்து எழுந்து வந்தாள். பந்தைப் பிடிக்கிற அந்தக் கையால் என் வாயைப் பொத்தினாள்.

“நான்தான்கா. நான்தான் காப்பை அறுக்க விட்டேன். என்னாலதான். பேசாதீக.”

எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னாள். கூட்டம் உச்சுக்கொட்டியது. மதினி மறுபடி கவிழ்ந்து அழத் தொடங்கினார். பைத்தியக்காரப் பெண்ணே, நீயும் இதை நம்பிவிட்டாயா என்று நான் பொருமிக்கொண்டே திரும்பினேன்.

கண்ணாடிக் கடையில்

மாநிலப் போட்டிக்குப் போனோம். கோலில் நான் நின்றேன். எத்தனை வாங்கினேன் என்று கேட்காதீர்கள். கோச் அதற்குப் பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்து நான் பார்க்கவில்லை. மைதானத்துக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார்.

அடுத்த சீசன் நெருங்கிவந்த சமயத்தில், மதினிக்குக் கண் மங்குகிறது என்று பாண்டி எங்கள் கடைக்குக் கூட்டிவந்தாள். மதினி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளிடமும் ஒரு பேச்சு இல்லை. நடந்து வரும்போதே இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் போகலாம். உள்ளறையில் மதினியை உட்காரவைத்துப் பரிசோதிக்கிறவர் எழுத்துகளைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பாண்டியை வாசலுக்கு இழுத்துவந்தேன்.

“திரும்ப வாடி. பெரியப்பாகிட்ட நான் வந்து பேசுறேன். நம்ம ரீட்டா டீச்சரும் வாரேன்னாக. அந்த ஜெசிந்தாகூட உன்னைக் கேட்டுச்சு.”

“வரலக்கா.”

“நீ நெசமாவே நம்புறியா? கயித்தை அத்ததாலதான் அப்பா போனாகன்னு?”

அவள் திரும்பிக் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். மதினி ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நம்பலக்கா. ஆசுபத்திரிக்குப் போயிருந்தா அப்பா இருந்திருப்பாக. எனக்குத் தெரியாதா? நான்தான மொபெட்டை வெளியில எடுத்தேன்.”

“பெறகு என்னடி?”

“வழிய மறிச்சது அம்மாக்கா. காப்பு அத்ததுதான் காரணம்னு இருக்குற வரைக்கும் அம்மாவுக்கு அது தோணாது. நான் திரும்ப ஆடப் போனேன்னா, தப்பு எம்மேல இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்ல? அப்ப யாரு மேலன்னு அம்மா ஒக்காந்து யோசிக்கும். யோசிச்சா அது உசுரோட இருக்காதுக்கா. அப்பாவும் போயாச்சு. அம்மாவாவது இருக்கட்டும்.”

அன்றைக்கு அந்த வீட்டில் இவள் எதற்காகப் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இன்னும் ஒரு வாக்கியம் நான் பேசியிருந்தால் மதினிக்கு விளங்கியிருக்கும்.

கதவைத் தள்ளிக்கொண்டு மதினி வெளியே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன பேச்சு?” என்று மகளிடம் கேட்டார்.

“பந்தாடக் கூப்பிடுறாகம்மா. வரலன்னு சொல்லிட்டேன்.”

மதினி தலையை ஆட்டிக்கொண்டார். ரோட்டில் பஸ்கள் வரிசையாக வந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.